வலமாச் சுத்து, தாயி

ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே திட்டு வாங்கினேன். வடக்குச் சித்திரை வீதி, விடிகாலை ஐந்தரை மணி. மொட்டைக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி மல்லிகைக் கூடையோடு உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, விரல்களை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

"ஏ தாயி, நில்லு. அங்கிட்டு எங்க போற?"

"ஓடுறேன் பாட்டி."

"ஓடு. யாரு வேணாம்னா? கோயில இடமாவா சுத்துவாக? வீட்ல எழவு ஏதும் விழுந்துருச்சா? திரும்பு. வலமாச் சுத்து."

திரும்பினேன். மூச்சு இரைத்துக்கொண்டிருந்ததால் நிற்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு.

2015-ஆம் வருஷம் அது. எனக்கு 45 வயது. வங்கி வேலை, காலை முதல் மாலை வரை ஒரே நாற்காலி. சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்கத்தான் போனேன். ஆனால் மதுரையில் நடப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. தெரிந்தவர்கள் கூடவே வருவார்கள். மகளுக்கு வரன் பார்க்கிறீர்களா, வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு, இந்தச் செக் ஏன் திரும்பியது என்று தெருமுனை வரை கேட்டுக்கொண்டே வருவார்கள். ஓடினால் யாரும் கூட வருவதில்லை. அந்த ஒரே காரணத்துக்காக ஓட ஆரம்பித்தவள் நான்.

ஓடிப் பழகியது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். அங்கே பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர், நான் உள்ளே நுழைந்த முதல் நாளே, "அக்கா, எதுத்தாப்புல வராதீங்க, இடக் கைப் பக்கமாவே திரும்புங்க" என்று கை காட்டினார். உலகம் முழுக்க ஓட்டப் பாதையில் இடமாகத்தான் சுற்றுகிறார்கள். எப்போதும் அப்படி இருந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1896-இல் ஏதென்ஸ் நகரத்தில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் வலமாகத்தான் ஓடினார்களாம். பூக்காரப் பாட்டி அங்கே இருந்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்காது.

மதுரையில் நேராக ஓடுவதென்பது ஊரின் சுபாவத்துக்கு ஒத்துவராது. இது சுற்றி வருவதற்கென்றே போட்ட ஊர். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். திருவிழா மாதம் மாறியது, தேர் வீதி மாறவில்லை. இன்றைக்கும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில்தான். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும்.

ஓட்டப் பயிற்சிக்கு அட்டவணை போட்டுத் தர மதுரையில் தனியாக ஆள் வேண்டாம். புதிதாக ஓடுகிறவர்களுக்குச் சித்திரை வீதி. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். கல் பாவிய தரை, வண்டி வராது, ஏற்றம் இறக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு மாதம் கழித்து ஆவணி மூல வீதி. முட்டி பழகிய பிறகு மாசி வீதி. நான் அப்படித்தான் ஒவ்வொரு சதுரமாக வெளியே வந்தேன். சல்வாரும் ஷூவும் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடுவேன். பால்காரரிலிருந்து பேப்பர் பிரிக்கும் பையன்கள் வரை எல்லோரும் முதலில் எனக்குப் பின்னால் யாராவது துரத்திக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்தார்கள். "என்னக்கா, பஸ்ஸுக்கா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு வாரம் கழித்து அவரே, "இன்னிக்கு லேட்டு போல" என்றார். அதோடு ஊர் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது.

என் வீடு சிம்மக்கல்லில். அங்கிருந்து கோயிலுக்கு வந்து, வடக்குச் சித்திரையில் இடக் கைப் பக்கம் திரும்பினால் கோயில் வலக் கைக்கு வந்துவிடும். அதுதான் பாட்டி சொன்ன வழி. அப்புறம் ஒவ்வொரு முனையிலும் வலப் பக்கம். கிழக்குச் சித்திரைக்கு வரும்போது வெளிச்சம் லேசாக விழுந்திருக்கும். தெற்குக் கோபுரம்தான் உயரத்தில் மூத்தது; 1559-இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது. கீழிருந்து பார்த்தால் அதன் விளிம்பு நேராக ஏறாது, உள்ளே குழிந்து வளைந்து மேலே போகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வளைவு 45 வயது வரை கண்ணில் பட்டதில்லை. மூச்சு வாங்கக் குனிந்து நின்று, மெதுவாக நிமிரும்போதுதான் பட்டது.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. மறுநாள் காலை நான் ஓடப் போகவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று சொல்வதுதான் நேர்மை. கிழக்குச் சித்திரையில் போலீஸ்காரர்கள் யாரையும் கிட்டே விடவில்லை. எரிந்த வாடை தெரு முழுக்க. தண்ணீர் பட்டு ஆறிய சாம்பலின் வாடை அது, ஈரமும் புகையும் கலந்தது. வழக்கமாகக் கை தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஆட்கள் அன்றைக்குக் கையைத் தூக்காமல் நின்றார்கள். கூட்டத்தில் ஒரு வயசாளி, "கல்லு கூடவா எரியும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லும் வெடிக்கும் என்பதை அந்த மண்டபத்தில்தான் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம். பேர்தான் புதுசு, திருமலை நாயக்கர் காலத்துக் கட்டடம். என் சின்ன வயதில் அதற்குள்ளே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தூணில் குதிரை வீரன், அந்தக் குதிரையின் முன்னங்காலில் அளவு நாடா தொங்கும். பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்கும்போது யாளியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாத்திரக் கடை, வளையல் கடை, பழைய புத்தகக் கடை எல்லாம் உள்ளேயே. என் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அங்கே பாதி விலைக்கு வாங்கியது. முன்னால் படித்தவன் எல்லாக் கணக்குக்கும் விடை எழுதி வைத்திருந்தான், பாதி தப்பு. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் மண்டபமாகத் தெரிகிறது. நல்லதுதான். ஆனாலும் அந்தக் குதிரைக் காலைத் தாண்டும்போது நாடா இல்லாமல் அது எனக்கு வெறுமையாகத்தான் தோன்றுகிறது.

அதற்குக் கிழக்கே எழுகடல் தெருவில் ராய கோபுரம். நாயக்கர் தொடங்கி, மேலே எழும்பாமலே நின்றுபோன கோபுரம். அடிநிலைக் கல் மட்டும் நிற்கிறது. ஓட்டத்தில் அதைத் தாண்டும்போது மனசுக்கு ஆறுதலாக இருக்கும். பாதியில் விட்ட வேலைகளுக்கும் ஊர் இடம் கொடுத்திருக்கிறது.

கீழமாசி வீதியில் தெற்கே ஓடினால் விளக்குத்தூண். எல்லோரும் அங்கே பஸ் ஏறுவார்கள், துணி எடுப்பார்கள், யாருக்கும் எதற்காக அந்த விளக்கு என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் ஷூ நாடா அவிழ்ந்து அதன் அடியில் உட்கார்ந்தபோது படித்தேன். பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரின் நினைவாக வைத்தது. மதுரைக்கு அந்தக் காலத்தில் கோட்டை மதில் இருந்தது, சுற்றிலும் அகழி இருந்தது. ஊர் உள்ளே நெருங்கிக் கிடந்தது. அகழித் தண்ணீர் நாறியது. மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரைத் திறந்துவிட்டவர் அவர். கெஞ்சியும் ஜனங்கள் வராததால், இடிப்பவருக்கே இடம் என்று சொல்லி இடிக்க வைத்ததாகச் சொல்வார்கள். வெளி வீதிகள் அந்தத் தூர்த்த அகழியின் மேல்தான் கிடக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது கலெக்டர் கதை அல்ல. அளவெடுத்த சர்வேயர் மாரட்டுக்கும், ஆட்களை வைத்து வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கு ஒரு வீதி கிடைத்திருக்கிறது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. ராஜாக்கள் பேரில் வீதி எந்த ஊரிலும் இருக்கும். மேஸ்திரி பேரில் வீதி வைத்து, அதைக் கூச்சப்படாமல் முகவரியில் எழுதும் ஊரை நான் வேறு பார்க்கவில்லை. கோட்டையின் மிச்சம் ஒரே ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் தவிர அந்தப் பக்கம் யாரும் ஓடுவதில்லை.

விளக்குத்தூணிலிருந்து பத்துத் தூண் சந்துக்குள் நுழைவேன். பேரைக் கேட்டு ஏதோ மண்டபம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சந்து, இரண்டு பக்கமும் துணிக்கடை, நடுவே திடீரென்று பத்துக் கருங்கல் தூண்கள், கூரை இல்லாமல், எதையும் தாங்காமல். நாயக்கர் அரண்மனை ஒரு காலத்தில் இதுவரைக்கும் நீண்டிருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. பகலில் போனால் தூணைப் பார்க்க முடியாது, தொங்கும் நைட்டிகளைத்தான் பார்க்கலாம். காலை ஐந்தேமுக்காலுக்கு ஷட்டர்கள் மூடியிருக்கும்போதுதான் தூண்களுக்கு மூச்சு வரும்.

அங்கேதான் விழுந்தேன். தூணின் உச்சியில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவள், சாக்கடை மேல் போட்டிருந்த பலகைக் கல்லின் தூக்கலான விளிம்பைப் பார்க்கவில்லை. இடது முட்டி, இரண்டு உள்ளங்கை. முதல் ஒரு விநாடி வலியே இல்லை; யாராவது பார்த்துவிட்டார்களா என்ற வெட்கம்தான். பார்த்துவிட்டார். சந்து முனை டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"எந்திரிக்காதீங்கக்கா, அப்படியே உக்காருங்க."

சல்வார் முட்டியில் கிழிந்து, உள்ளே தோல் வழன்று, மண் ஒட்டி, ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அவர் உள்ளே போய் ஒரு கரண்டியில் காப்பித்தூள் கொண்டு வந்து, கையை நீட்டாமல், "நீங்களே அப்புங்க" என்றார். அப்பினேன். எரிச்சல் உச்சந்தலைக்குப் போய் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "காப்பி நல்ல காப்பி. அதான் எரியுது" என்றார். பிறகு அதே டப்பாவிலிருந்து எனக்கு ஒரு காப்பியும் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "முட்டிக்குப் போட்டதுல மிச்சம்" என்றார். கீறலின் தழும்பு இப்போதும் இருக்கிறது, பழுப்பாக. டாக்டர் அதைக் காயத்தின் நிறம் என்கிறார், எனக்கு அது காப்பியின் நிறம்.

திருமலை நாயக்கர் மஹால் அங்கிருந்து கூப்பிடு தூரம். 1636-இல் எழுப்பிய அரண்மனை. இப்போது நாம் பார்ப்பது அதில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாதர் மிச்சத்தைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார் என்று மதுரைக்காரர்களுக்கு இன்னும் தீராத குறை உண்டு. நிற்கிறதைச் செப்பனிட்டவர் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர். காலையில் உள்ளே விடமாட்டார்கள், அதனால் சுவரையொட்டி ஓடுவதோடு சரி.

என் தாத்தா அதை மஹால் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கோர்ட்டு" என்றுதான் சொல்வார். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. மேலூர்ப் பக்கத்து நிலத்தில் ஒரு வரப்புத் தகராறு. அரைச் சாண் வரப்பு. அதற்காகத் தாத்தா எத்தனையோ வருஷம் அந்தத் தூண்களின் கீழ் காத்துக் கிடந்திருக்கிறார். டவாலி வாசலில் நின்று மூன்று தடவை பேரைக் கூப்பிடுவாராம். கூப்பிட்டது போக, கூடத்துத் தூண்களும் வளைவுகளும் அந்தப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லுமாம். "நாயக்கர் கூட அப்படி ஒரு தடவை என் பேரைக் கூப்பிட்டிருக்க மாட்டாருடி" என்பார். வழக்கு என்ன ஆனது என்று நான் கேட்டபோதெல்லாம் தூணின் சுற்றளவைத்தான் சொன்னார். தோற்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் முதன்முதலில் மஹாலுக்குள் போனது ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில். மூன்று பேர் கை கோத்தும் ஒரு தூணைக் கட்டிப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் நாலு பேரா போகணும். நாங்க நாலு பேரு இருந்தோம், சாட்சியோட" என்றார்.

மஹாலைத் தாண்டிக் கீழவாசல், அங்கிருந்து கிழக்கே காமராஜர் சாலை. ஓட்டத்தின் அழகு குறைவான பகுதி இது, நீளமான பகுதியும் இதுதான். டவுன் பஸ், மூட்டை இறக்கும் லாரி, ஆறு மணிக்கு மேல் புகை. நாய்கள் ஒரு ஜமா. நாய்க்கு ஒரு வித்தை உண்டு. குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தால் போதும். இதைத் தமிழ்நாட்டு நாய்கள் எல்லாம் எங்கேயோ சேர்ந்து படித்திருக்கின்றன. ஆனால் ஓடிக்கொண்டே குனிய முடியாது, குனிந்தால் நடை கெடும் என்பதையும் அவை தெரிந்துவைத்திருக்கின்றன.

இந்த நேர்கோட்டை ஓட எனக்கு முதலில் மனசே இல்லை. சுற்றியே பழகிய கால். பிறகு ஒரு விஷயம் உறைத்தது. மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என்பது மதுரையில் எல்லோரும் சொல்கிற கதை. பள்ளத்தைப் பள்ளமாகவே விடாமல் 1645-இல் நாலு பக்கமும் கல் கட்டி, நடுவே மைய மண்டபம் வைத்துக் குளமாக்கினார் நாயக்கர். தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே ஒரு கொழுக்கட்டை செய்து படைப்பார்களே, அவர். அப்படியானால் மண் ஏற்றிய வண்டிகள் மேற்கே போன திசைக்கு எதிராக நான் கிழக்கே ஓடுகிறேன். சுவரிலிருந்து பள்ளத்துக்கு. அதற்குப் பிறகு காமராஜர் சாலை எனக்கு அலுக்கவில்லை. நாய்கள் அலுத்தன.

குளத்துக்கு வந்ததும் திரும்பவும் சுற்றுதான். நாலு கரையும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நான் ஓட ஆரம்பித்த காலத்தில் குளத்தில் தண்ணீர் இருக்காது. தை மாதத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது நிரப்புவார்கள். மற்ற நாளில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மைய மண்டபத்தின் மேல் பட்டால் சிக்ஸர். இப்போது வைகைத் தண்ணீரைப் பனையூர்க் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தண்ணீர் மேல் படும் காற்று வேறு மாதிரி. வியர்வை அதில் ஆறும்போது ஒரு விநாடி சர்க்கரை, முட்டி, வங்கி எல்லாம் மறந்துபோகும்.

அந்தக் கரையில் ஒரு காலைக் கூட்டம் உண்டு. கைகளை முன்னும் பின்னும் வீசி நடக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட மாமிகள், வட்டமாக நின்று கை தட்டிச் சிரிக்கும் ஒரு கோஷ்டி. முளைகட்டிய பயறு, அருகம்புல் சாறு, முடக்கத்தான் சூப் விற்கும் வண்டிகள். மூன்று சுற்று நடந்த கணக்கை அதற்குப் பக்கத்திலேயே இரண்டு வடையில் சமன் செய்துகொள்கிறவர்களும் உண்டு. நான் சாறு குடிப்பதில்லை. பருத்திப்பால் வண்டி வந்திருந்தால் அதுதான். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சியது. டாக்டருக்கு இந்த இடத்தைச் சொல்லவில்லை.

இங்கேயும் நான் ரேஸ்கோர்ஸ் பழக்கத்தில் இடமாகவே ஓடிக்கொண்டிருந்தேன். இது கோயில் இல்லையே, யார் கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கவும் இல்லை. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லோரும் எதிரேதான் வருகிறார்கள் என்பது பல மாதம் என் மண்டையில் ஏறவில்லை.

திரும்புவது ஆற்றோரச் சாலையில். வைகையைப் பற்றிப் பெருமையாக எழுதினால் மதுரைக்காரர்களே சிரிப்பார்கள். பெரும்பாலான நாள் மணல், புதர், எருமைகள், நடுவே கோடு மாதிரி ஒரு கழிவுநீர். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்துவிடும்போது மட்டும் அதற்கு ஆற்றின் முகம் வரும். ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நாங்கள் ஏ.வி. பாலம் என்போம். விக்டோரியா மகாராணியின் பேரன் பேரில் 1889-இல் திறந்தது. மழை கழுவிவிட்ட காலைகளில் பாதிப் பாலம் வரை ஓடிப் போய் நிற்பேன். வடகிழக்கே ஆனைமலை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானையாகவே தெரியும். மேற்கே நாகமலையின் நீண்ட முதுகு. சமணர்கள் ஏவிய யானையும் பாம்பும் பசுவும் மலையாகிப்போன கதையை என் பாட்டி சொல்லும்போது, இத்தனை தட்டையான ஊரில் இவை மட்டும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அதுதான் சரியான பதிலாக இருந்தது. இப்போதும் அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ஊரைவிட்டு வெளியே போவேன். திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றி, கிரிவலப் பாதையில். அதுவும் வலம். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளம், ஆலமரம். அங்கே சுற்ற வேண்டியதில்லை, மேலே ஏறினால் போதும். செட்டிப்புடவில் உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் யாரையும் எந்தப் பக்கமும் சுற்றச் சொல்வதில்லை. உட்காரச் சொல்கிறார்.

யானைக்கல் வழியாகச் சிம்மக்கல். இரண்டுமே கல்லால் பேர் வாங்கிய இடங்கள், ஒன்றுக்கு யானை, ஒன்றுக்குச் சிங்கம். வீடு வரும்போது போனில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டும். நான் வேகமாக ஓடுகிறவள் இல்லை. மாரத்தான் டீ ஷர்ட்டுகள் என்னிடம் கிடையாது. ஒரு தடவை வங்கியில் இளைஞன் ஒருவன் என் நேரத்தைக் கேட்டுவிட்டு, "மேடம், இது நடை வேகம்" என்றான். பொய் இல்லை.

ஒரு தைப்பூசத்தன்று தெப்பக்குளத்துக்கு ஓடப் போனது என் முட்டாள்தனம். கீழவாசலிலேயே கூட்டம். குளக்கரையில் கால் வைக்க இடமில்லை. பலூன், கரும்பு, சோளப்பொரி, தோளில் பிள்ளையைத் தூக்கிய அப்பாக்கள். சுற்றுக் கிராமத்திலிருந்து ராத்திரியே வந்து கரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்கள் அப்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். தெப்பத்தில் அம்மனும் சுவாமியும். தெப்பத்துக்கு மோட்டார் எதுவும் கிடையாது. கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து இழுக்க வேண்டும். காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று. தண்ணீர் இல்லாத வருஷங்களில் நிலைத் தெப்பம் என்று நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. அன்றைக்கு நிறையத் தண்ணீர்.

வழக்கம்போல என் கால் இடப் பக்கம் திரும்பியது. மொத்தக் கூட்டமும் என் முகத்தில் மோதியது. ஒரு ஆள் என் தோளைப் பிடித்து, கோபப்படாமல், ஒரு மூட்டையைத் திருப்பி வைக்கிற மாதிரி என்னை மறுபக்கம் திருப்பிவிட்டார். "தெப்பம் அங்கிட்டு வருது, நீங்க எங்கிட்டுப் போறீங்க?"

அப்போதுதான் பல வருஷத்துக் கணக்கு உறைத்தது. இத்தனை நாளும் இந்தக் கரையில் நான் மட்டும்தான் எதிர்த்திசை.

கூட்டத்தோடு நடந்தேன். நடை என்றும் சொல்ல முடியாது. வடம் இறுகும், தெப்பம் ஒரு முழம் நகரும், எல்லோரும் ஒரு அடி வைப்போம். வடம் தளரும், நிற்போம். யாரோ "இழு, இழு" என்று கத்துவார்கள். பக்கத்தில் ஒரு கிழவி, கையில் மூங்கில் தட்டோடு, "இது எத்தனாவது சுத்து?" என்றது. "ரெண்டாவது, பாட்டி" என்றேன், எனக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டாலும். இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் நின்றுவிட்டேன் என்று நினைத்து, ஓட்டத்தை நிறுத்திவைத்திருப்பதாகக் காட்டியது. திரும்பப் பையில் போட்டேன். தெப்பம் அப்போது தென்மேற்கு மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது.